பலகையில் பாய்ந்த பொருநை

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் முதலில் ஊறவைப்பது பலகாரத்துக்கான அரிசியையன்று, குடிலுக்கான கேழ்வரகைத்தான். ஒரு பிடி கேழ்வரகை இரவு முழுவதும் நீரில் போட்டு, மறுநாள் ஈரத்துணியில் முடிந்துவைத்து, முளை கண்டதும் மண் பரப்பிய தட்டில் தூவிவிடுவார்கள் நம் அன்னையர். பத்து நாள்களில் அது விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று எழுந்து நிற்கும். பெத்லகேம் ஊரின் புல்வெளி அதுதான்! நம் இந்துத் தோழியரின் ஊர்களில் அம்மன் கொடைக்கு முளைப்பாரி வளர்ப்பதும் ஏறத்தாழ இதே முறையில்தான். ஆகவே சிறு தோட்டம் செய்வது நாம் புதிதாகக் கற்க வேண்டிய கலையன்று. வீட்டிலேயே உள்ள கலை.

இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு அமைத்த குடிலில் பொம்மைகளே இல்லை என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். உண்மையான தீவனத்தொட்டி, உண்மையான வைக்கோல், உண்மையான எருதும் கழுதையும், அவ்வளவே. ஊரில் கிடைத்தவற்றைக் கொண்டே அவர் அதை அமைத்தார். இன்று நம் கடைத்தெருவிலோ பிளாஸ்டிக் புல்லும் பஞ்சில் செய்த பனியும் விற்கின்றன. நெல்லைச் சீமையிலே என்றைக்குப் பனிக்கட்டி பெய்தது? தெருவில் மழைநீர் ஓடும் மாதத்தில் நாம் குடிலுக்குப் பஞ்சைப் பிய்த்துத் தூவிக்கொண்டிருக்கிறோம்!

இவ்வாண்டு மூன்றாம் வகுப்புத் தங்கையருக்குச் சிறு தோட்டம் செய்யக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. அறிவியல் கற்பிக்கும் சகோதரி எங்களுக்கு இரண்டே நிபந்தனைகள் விதித்தார். கடையில் எதையும் விலைக்கு வாங்கக் கூடாது என்பது ஒன்று. எடுத்த இடத்தில் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத எந்த உயிருள்ள பொருளையும் எடுக்கக் கூடாது என்பது மற்றொன்று. முதல் நிபந்தனை எளிதாக இருந்தது. இரண்டாவதுதான் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது.

எதைச் செய்வது என்று கூடிப் பேசினோம். பூங்கா, அரண்மனைத் தோட்டம், ஊட்டி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில், நம் வாசலில் ஓடும் தாமிரபரணியையே செய்தால் என்ன என்று முடிவாயிற்று. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து திணைகளையும் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவை ஐந்தையும் ஒரே ஆற்றின் பயணத்தில் காட்டக்கூடிய மண் நம்முடையது. மேற்கே பொதிகை மலை; அதன் அடியில் ஆடு மாடு மேயும் காடு; நடுவே வயலும் குளமும்; சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரி; கிழக்கே புன்னைக்காயலில் கடல்.

ஜெர்மன் நாட்டில் 1840-ஆம் ஆண்டு தம் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயரைச் சூட்டிய பிரெடரிக் ஃபுரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே ஒரு சிறு பாத்தியும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாத்தியும் இருக்க வேண்டும் என்றார். அந்த முறையையே நாங்களும் கைக்கொண்டோம். ஆளுக்கொரு சிரட்டை, அதில் அவரவர் விருப்பம்போல் எதை வேண்டுமானாலும் நடலாம். நடுவே பொதுப் பலகை; அதில் மட்டும் எல்லாரும் கலந்து பேசித்தான் எதையும் வைக்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு வேலை செய்ய எண்ணும் தோழியர் இதை அவசியம் நினைவில் கொள்ளுங்கள். தனக்கென்று ஒரு சிரட்டை இருக்கிற பிள்ளை பொதுப் பலகையில் சண்டை பிடிப்பதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால் 128 சென்டிமீட்டர் சணல் கயிறு போதும். ஆனால் ஆறு நேராக ஓடுவதில்லையே! மலையிலிருந்து வடகிழக்காக வந்து, சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரியைக் கடந்த பின் தென்கிழக்காகத் திரும்பிக் கடலுக்குப் போகிறது. நிலப்படத்தைப் பார்த்துப் பார்த்து வளைத்து வைத்தபோது, ஒரு மீட்டர் நீளமுள்ள பழைய கதவுப் பலகையிலேயே கயிறு முழுவதும் அடங்கிவிட்டது.

மலையின் உயரத்துக்கு வந்தபோதுதான் வேடிக்கை. பொதிகையின் உச்சி 1,860 மீட்டருக்கும் மேல். அதே அளவுகோலின்படி அது பலகையில் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது! “பொதிகை மலை நெல்லிக்காய் அளவுதானா?” என்று தங்கையர் முகம் சுருங்கியது. உயரத்தை மட்டும் பத்து மடங்காக்கிக் கொள்வது என்று தீர்மானித்தோம். நிலப்பட மாதிரிகள் செய்வோர் வழக்கமாகக் கையாளும் முறைதான் இது. மலை 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ ஒரு சாண் உயரம் வந்தது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. பத்து மடங்காக்கிய பின்னும் அது பலகையில் அரை சென்டிமீட்டரைத் தொடவில்லை. அந்த அணைக்குப் புளியங்கொட்டை ஒன்றைப் பக்கவாட்டில் செருகினோம்.

இந்தக் கணக்கிலே மறைந்திருந்த செய்தி ஒன்று எங்களையே திடுக்கிட வைத்தது. திருநெல்வேலி நகரம் கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரம்கூட இல்லை. அதாவது எங்கள் பலகையில் அரை சென்டிமீட்டர். ஒரு சாண் உயரத்திலிருந்து புறப்படும் ஆறு, தன் பயணத்தின் முதல் கால் பங்குக்குள் ஏறக்குறைய முழு உயரத்தையும் இறங்கிவிடுகிறது. பிறகு நெல்லையிலிருந்து கடல் வரை எஞ்சியிருக்கும் நெடுந்தொலைவுக்கும் அரை சென்டிமீட்டர் சரிவுதான்! புத்தகத்தில் சமவெளி என்று எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கையால் மண்ணைத் தட்டிச் சமன் செய்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது.

பலகை அமைத்த விதத்தைச் சொல்கிறோம். நான்கு ஓரங்களிலும் காய்ந்த வாழைமட்டையை வைத்துக் கட்டினோம். அடியில் உடைந்த பானையின் ஓட்டாஞ்சில்லுகளைப் பரப்பினோம். நீர் தேங்கி வேர் அழுகாமலிருக்க இது வேண்டும். அதன்மேல் அடுப்புக்கரித் தூள் ஒரு கை. அதற்கும் மேல் குளத்துக் கரம்பை மண்ணும் சாணி எருவும் கலந்தது. ஆற்றின் தடத்தில் மட்டும் களிமண்ணைப் பிசைந்து வழித்தோம். இல்லையேல் ஊற்றிய நீர் கடலைக் காணாமலே மண்ணுக்குள் போய்விடும். காருகுறிச்சி மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நாம் அறிவோம். அவ்வூரிலிருந்து வரும் தோழி ஒருத்தி ஓரம் உடைந்த சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அது பலகையின் கீழ்க்கோடியில் மன்னார் வளைகுடா ஆயிற்று!

மலைக்குக் கல்லும் பாசியும் வேண்டும். பொதிகைக் காடு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988-இல் அமைந்த இதுவே தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாது. நல்லவேளையாக ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பள்ளிக் கிணற்றுச் சுவரே ஒரு பொதிகையாகிவிடுகிறது. மெல்லிய தகட்டை அடியில் செலுத்திப் பாசியை அடைபோல் உரித்தோம். எடுத்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் அடையாளம் இட்டோம். செங்கல் இடுக்கில் முளைத்த சிறு பெரணியை வேரடி மண்ணோடு எடுத்துச் சட்டித் துண்டில் வைத்து மலைச்சரிவில் இருத்தினோம். உதிர்ந்த சவுக்குக் காய்கள் காட்டு மரங்கள் ஆயின.

வயலுக்குக் கேழ்வரகு போதும் என்றிருந்தோம். “ஆத்தங்கரையில யாரு கேப்பை போடுதா? நெல்லுல்லா போடணும்!” என்று வேளாண் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டுவிட்டாள். அவள் கேட்டது நியாயந்தானே? கார், பிசானம் என்று இரு போகம் விளையும் பூமி இது. மார்கழியில் வயலில் நிற்பது பிசான நெல். ஆகவே ஆற்றை ஒட்டி முளைகட்டிய நெல்லும், மேட்டு நிலத்தில் கேழ்வரகும் விதைத்தோம். நெல் மெதுவாக எழுந்தது. கேழ்வரகு அதற்குள் தலைதூக்கி நின்றது. தோப்புகளுக்கு முளைவிட்ட சின்ன வெங்காயத்தை நட்டோம். எங்கள் வீடுகளில் அதை உள்ளி என்போம். அதன் தாள் வாழைத்தோப்பு போலவே காற்றில் அசைந்தது. பத்தமடைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை பாய் முடைந்தபின் எஞ்சிய கோரைத் துண்டுகளைக் கொண்டுவந்து ஆற்றோரம் செருகினாள்.

தேரிக்கு ஒரு சிரட்டைச் செம்மணல் வந்தது. மணல் ஏன் சிவப்பு என்று தங்கையர் கேட்டார்கள். மணலின் ஒவ்வொரு பொடியின் மேலும் இரும்புத் துரு மெல்லிய போர்வையாகப் படிந்திருப்பதே காரணம் என்று விளக்கினோம். பனை ஓலைத் துணுக்கை விசிறிபோல் மடித்துக் குச்சியில் செருகினால் பனைமரம். உடைமரத்தின் சிறு கிளை, குடை விரித்தாற்போல் அப்படியே ஒரு மரமாக நிற்கும். ஆனால் முள்ளைப் பெரியவர்கள் ஒடித்த பிறகே சிறுவர் கையில் கொடுக்க வேண்டும். கடற்கரைக்கு ஒதுங்கிக் கிடந்த வெறும் சிப்பிகள் மட்டுமே. பவளத் துண்டு அழகாகத்தான் இருக்கும். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள உயிரினம்.

குன்றிமணியைப் பற்றி ஒரு சொல். சிவப்பும் கறுப்புமான அந்த விதையைக் கண்டால் எந்தப் பிள்ளையும் கைநீட்டும். அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளியும் அப்படியே, எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு. இம்மூன்றையும் நாங்கள் தோட்டத்தின் பக்கமே சேர்க்கவில்லை. புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, இலவம்பஞ்சு இவற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்யும் வித்தைகளே போதும். ஆற்றின் கசத்தில் ஐந்து புளியங்கொட்டைகளைப் பாதி முங்கவைத்து “எருமை குளிக்குது” என்றாள் ஒருத்தி. அதற்கு மேல் ஒரு சிற்பி என்ன செய்துவிட முடியும்? இலவம்பஞ்சில் நாரைகள் செய்த மற்றொருத்தி, கூந்தன்குளத்தில் பறவைகள் பயந்துவிடக் கூடாதென்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்று எங்களுக்கே பாடம் சொன்னாள்.

ஒரு நத்தை தானே வந்து மலைமேல் ஏறிக்கொண்டது. எங்கள் அளவுகோலின்படி அது இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள நத்தை! எடுத்துவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். தங்கையர் ஒருமுகமாக மறுத்துவிட்டார்கள். நத்தை இருந்தது.

தூத்துக்குடி உப்பளங்களையும் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். உண்மையான உப்பையே போடலாமா? உடனே பதில் சொல்லாமல் இரண்டு சிரட்டைகளில் கேழ்வரகு முளைக்கவிட்டு, ஒன்றுக்கு நல்ல நீரும் மற்றொன்றுக்கு உப்பு கரைத்த நீரும் நாள்தோறும் தெளிக்கச் சொன்னோம். சில நாள்களில் உப்புநீர்ப் பயிர் நுனி கருகித் தலைசாய்ந்தது. வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் பயிரால் அதை உறிஞ்ச முடியாது. ஆகவே உப்பளத்துக்குச் சிப்பியைப் பொடித்துப் பாத்தி கட்டினோம். வாடிய சிரட்டையை எறிந்துவிட வேண்டாமென்று அதையும் பலகை அருகிலேயே வைத்தார்கள்.

இனி நீருக்கு வருவோம். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்று மட்டுமே ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவை பாபநாசம் அணைபோல் நீரைத் தேக்கி வைப்பவை அல்ல. ஆற்று நீரைச் சற்றே தலைநிமிரச் செய்து பக்கக் கால்வாயில் திருப்பிவிடுபவை. கால்வாய் குளத்தை நிரப்பும்; அக்குளத்து மறுகால் அடுத்த குளத்தை நிரப்பும். இப்படி 180-க்கும் மேற்பட்ட குளங்களும் சுமார் 86,000 ஏக்கர் நிலமும் இந்த ஆற்றை நம்பியிருக்கின்றன. எட்டு அணைக்கட்டுகளையும் கூழாங்கல் வரிசையாக வைத்தோம். 180 குளத்துக்கு எங்கே போவது? சிரட்டை விளிம்பால் பதினொரு குளங்கள் தோண்டினோம்.

மலை உச்சியில் ஒரு தம்ளர் நீரை மெல்ல ஊற்றியபோது, அது கல்லுக்குக் கல் திரும்பிக் கால்வாய்களில் புகுந்து குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, மீந்தது மட்டும் சட்டிக் கடலில் விழுந்தது. தங்கையர் கைதட்டினார்கள். மீண்டும் மீண்டும் ஊற்றச் சொன்னார்கள்.

அப்போது, ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சிறுமி ஒருத்தி ஆற்றங்கரையில் வரிசையாக வைத்திருந்த சோளத்தட்டை வீடுகளைப் பேசாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். “அக்கா, இங்ஙன வீடு வைக்காதிங்க. தண்ணி வரும்” என்றாள். எங்களுக்குப் புரிந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை நெல்லையிலும் தூத்துக்குடியிலும் மறந்தவர் யார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். குளங்கள் பல உடைந்தன. அப்போது அவள் மிகச் சிறியவள். அவர்கள் வீட்டு அரிசிப்பானை மிதந்து போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்றாள்.

பெய்து காட்டலாமா என்று அவளிடமே கேட்டோம். தலையசைத்தாள். இம்முறை மலையில் மூன்று தம்ளர் நீரை ஒன்றாக ஊற்றினோம். அதே நேரத்தில் நான்கு பிள்ளைகள் வேப்பிலைக் கொத்தை நனைத்துச் சமவெளி முழுவதும் உதறினார்கள். ஏனெனில் அந்த நாள்களில் மழை மலையில் மட்டும் பெய்யவில்லை. கடலோரச் சமவெளியிலேயே பெய்தது. மலையில் ஓடிவந்த நீர் நெல்லையைத் தாண்டியதும் நடக்கத் தொடங்கியது. மருதூரைத் தாண்டியதும் ஏறக்குறைய நின்றேவிட்டது. போக அரை சென்டிமீட்டர் சரிவுதானே உண்டு! நின்ற நீர் பக்கவாட்டில் பரவியது. மூன்று குளங்களின் கரை கரைந்தது. கிழக்குப் பகுதி நெல் முழுவதும் நீருக்குள் போயிற்று.

அவள் அழவில்லை. ஒரு சிரட்டைத் துண்டை எடுத்து, கரைந்த மூன்று குளங்களிலும் படிந்த வண்டலை வழித்தெடுத்து அதையே கரைமேல் அப்பினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதினொரு குளங்களும் ஒரு விரற்கடை ஆழமாயின. மறுநாள் மீண்டும் ஊற்றினோம். இரண்டு தம்ளரைத் தாங்கியது. மூன்றாவது தம்ளருக்கு மறுபடியும் நெல் மூழ்கியது. இருந்தாலும் முன்னைப்போல் ஒரே நொடியில் அன்று; அவள் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது எண்ணுவதற்குள் வீடுகளை எடுத்துவிடலாம் என்றாள். சோளத்தட்டை வீடுகள் அன்றுமுதல் பொத்தை மேலேயும் தேரி மேட்டிலேயும்தான் இருந்தன.

குடிலை எங்கே வைப்பது என்பதிலும் விவாதம் நடந்தது. மலை உச்சி அழகு என்றார்கள் சிலர். மார்கழியில் வயலில் நெல் நிற்பதால் ஆட்டிடையர் மேட்டு நிலத்தில்தான் இருப்பார்கள், இடையருக்குத்தானே முதலில் செய்தி வந்தது என்றாள் ஒருத்தி. இதற்கு எதிர்வாதம் எழவில்லை. கேழ்வரகுப் பயிருக்கும் தேரிக்கும் இடையே பனையோலைக் குடிசை எழுந்தது. களிமண்ணில் பிடித்த இயேசு பாலனுக்கு வைக்கோல் படுக்கை. பஞ்சுப் பனி இல்லை.

பராமரிப்பு அதிகமில்லை. காலையிலும் மாலையிலும் வேப்பிலைக் கொத்தால் நீர் தெளிக்க வேண்டும்; குடத்திலிருந்து ஊற்றினால் விதை இடம்பெயர்ந்துவிடும். உச்சி வெயில் படாத, வெளிச்சம் உள்ள தாழ்வாரமே நல்லது. எறும்பு கேழ்வரகை இழுத்துக்கொண்டு போகாமலிருக்கப் பலகையின் கால்களை நீர் நிறைந்த சிரட்டைகளில் நிறுத்தலாம். அந்நீரை நாள்தோறும் மாற்றாவிட்டால் கொசு வரும்.

மூவிராசாக்கள் திருநாளுக்குப் பின் பலகையைக் கலைத்தோம். கேழ்வரகும் நெல்நாற்றும் பக்கத்து வீட்டு ஆடுகளுக்குப் போயின. தேரி மணல் வந்த சிரட்டையிலேயே திரும்பியது. கரம்பை மண்ணைப் பள்ளிக் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டினோம். நத்தை அதற்கு முன்பே எங்கோ போய்விட்டது. பெரணியைச் செங்கல் இடுக்கில் வைத்து மண் அப்பினோம். பாசி அடைகளைச் சுண்ணாம்பு அடையாளம் பார்த்துக் கிணற்றுச் சுவரில் நனைத்து ஒட்டினோம். ஓர் அடை உதிர்ந்துவிட்டது; மற்றவை இதை எழுதும் நாள் வரை நிற்கின்றன. அவை பிடித்துக்கொண்டனவா என்று மூன்றாம் வகுப்புத் தங்கையர் இருவர் நாள்தோறும் மணியடிக்கும் முன் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்து வருகிறார்கள்.